கம்பில் இரும்பு, நெல்லில் துத்தநாகம்: ஐதராபாத்தில் ஆறு நாள்

முதல் நாள்: பட்டான்செரு

ஐதராபாத்திலிருந்து மும்பை நெடுஞ்சாலையில் சுமார் 30 கிலோமீட்டர் போனால் பட்டான்செரு. தொழிற்பேட்டையும் லாரி வரிசையும் பின்னால் போனதும் இக்ரிசாட் வளாகம் வந்துவிடுகிறது. 1972இல் தொடங்கிய பன்னாட்டு ஆராய்ச்சி நிறுவனம் இது. மழையை மட்டுமே நம்பிய நிலங்களில் விளையும் கம்பு, சோளம், கேழ்வரகு, நிலக்கடலை, கொண்டைக்கடலை, துவரை ஆகியவைதான் இங்கே பயிர். மணியில் சத்தை ஏற்றிய ரகங்களும் வறட்சியும் வெள்ளமும் தாங்கும் ரகங்களும் எப்படி உருவாகின்றன என்று பார்க்கும் பயணம் இது. முன்அனுமதி வாங்கியிருந்தால்தான் வாசலில் விடுவார்கள்.

இந்தப் பக்கம் வர மார்ச் கடைசியும் ஏப்ரல் தொடக்கமும் சரியான சமயம். பிப்ரவரி நடுவில் விதைத்த கோடைக் கம்பு அப்போது பூவெடுக்கும். நகரத்தின் மறுகோடியில் ராஜேந்திரநகரில் நெல் கதிர் தள்ளிக்கொண்டிருக்கும். இரண்டையும் ஒரே வாரத்தில் பார்த்துவிடலாம். வெயில் கடுமைதான், ஆனால் வறட்சி ஆராய்ச்சியை வெயிலில்தான் பார்க்க முடியும்.

வளாகத்தின் பரப்பு ஏறத்தாழ 1,400 ஹெக்டேர். ஒரு பக்கம் செம்மண், இன்னொரு பக்கம் கரிசல். கரிசல் தன் ஆழத்தில் பிடித்துவைக்கும் நீர் செம்மண்ணைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. ஒரே விதையை, ஒரே வெயிலில், இரு வேறு நீர்க்கணக்கில் வளர்த்துப் பார்க்க இதைவிட வசதியான இடம் கிடைக்காது.

முதல் நாளை விதை வங்கிக்கு ஒதுக்குவது நல்லது. மற்ற எல்லாமே அங்கிருந்துதான் கிளம்புகின்றன. 1,20,000க்கு மேற்பட்ட விதை மாதிரிகள் இங்கே இருக்கின்றன. அன்றாடம் எடுத்துக் கொடுக்கும் விதை 4 டிகிரி குளிரில், 20 சதவீத ஈரப்பத அறையில் இருக்கும். நீண்ட காலத்துக்கானதை ஈரம் 3 முதல் 7 சதவீதம் வரும்வரை காயவைத்து, காற்றுப்புகாத உறையில் அடைத்து, மைனஸ் 20 டிகிரியில் வைக்கிறார்கள். காயவைப்பதில் அவசரம் கூடாது. வெயிலிலோ சூடான காற்றிலோ காய்ச்சினால் முளைப்புத்திறன் போய்விடும். அதனால் 15 டிகிரி அளவிலான குளிர்ந்த, உலர்ந்த அறையில் வாரக்கணக்கில் காயவிடுகிறார்கள். ஈரத்தோடு மைனஸ் 20க்குப் போன விதைக்குள் நீர் உறைந்து திசு கிழியும்.

கம்பு விதையைப் புதுப்பிப்பது தனி வேலை. நெல்லும் கடலையும் தன் மகரந்தத்திலேயே கருக்கொள்பவை, விதைத்து அறுத்தால் போதும். கம்பு அயல்மகரந்தச் சேர்க்கைப் பயிர். பக்கத்துப் பாத்தியின் மகரந்தம் கலந்தால் மாதிரியின் அடையாளமே போய்விடும். ஒற்றைக் கதிரை மட்டும் உறையிட்டுப் புதுப்பித்தால் மரபுவளம் குறுகிச் செடி நலிந்துபோகும். அதனால் அடுத்தடுத்த செடிகளின் இரண்டு மூன்று கதிர்களைச் சேர்த்து ஒரே உறைக்குள் கட்டுகிறார்கள். ஒன்றின் மகரந்தம் மற்றதில் விழும், வெளியார் மகரந்தம் உள்ளே வராது.

இந்தப் பயணம் முழுக்கத் துரத்தப்போகும் விதை ஒன்று இங்கே இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் டோகோ நாட்டிலிருந்து வந்த 'இனியாடி' வகைக் கம்பு. பருத்த மணி, நெருக்கமான கதிர், குறுகிய வயது. அதிலிருந்து தேர்ந்தெடுத்த ஐசிடிபி 8203 என்ற ரகம் 1988இல் வெளியானபோது யாரும் அதில் இரும்பைத் தேடவில்லை. மணி பெரிது, சீக்கிரம் அறுவடைக்கு வருகிறது என்றுதான் விதைத்தார்கள். இரும்புச்சத்து அதிகம் என்பது பின்னால் அளந்து பார்த்தபோது தெரிந்தது.

இரண்டாம் நாள்: கம்பங்கொல்லை

காலை ஏழு மணிக்கே வயலில் இருக்க வேண்டும். பத்தரைக்குப் பிறகு மகரந்தம் காய ஆரம்பித்துவிடும்.

கம்பின் பூக்கும் முறையைப் புரிந்துகொண்டால் மற்றது எளிது. ஒரே கதிரில் முதலில் மகரந்தத்தை வாங்கும் பெண் பாகமான சூல்முடிகள் வெளிவருகின்றன, வெள்ளை இறகு போல, நுனிப்பக்கத்திலிருந்து கீழே இறங்கும். இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் அதே கதிரின் மகரந்தப்பைகள் எட்டிப்பார்க்கும். இந்த இடைவெளி இருப்பதால் நெல்லில் போலக் கத்தரிக்கோலும் இடுக்கியும் கொண்டு ஆண் பாகத்தை நீக்க வேண்டியதில்லை. செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

கண்ணாடி இலையின் (கதிருக்கு அடியில் வரும் கடைசி இலை) உறையிலிருந்து கதிர் தலைகாட்டும்போதே, சூல்முடி ஒன்றுகூட வெளிவருமுன், பெண் கதிருக்குப் பட்டர் பேப்பர் உறை மாட்டி அடியில் கிளிப் போட வேண்டும். ஆண் கதிருக்கு முந்தின மாலையே தனி உறை. மறுநாள் காலை அந்த உறையோடு கதிரைச் சாய்த்துத் தட்டினால் மஞ்சள் தூள் உறைக்குள் கொட்டும். பெண் கதிரில் சூல்முடி முழுதும் விரிந்திருக்கிறதா என்று உறைக்கு வெளியிலிருந்தே வெளிச்சத்தில் பார்த்து, உறையைக் கழற்றிய கையோடு மகரந்தத்தைத் தூவி, மறுபடி மூட வேண்டும். திறந்திருக்கும் நேரம் சில நொடிகள்தான். பெற்றோர் எண், தேதி இரண்டையும் பென்சிலால் உறையின் மேல் எழுதிவிட வேண்டும். பேனா மை பனியில் கரையும். ஏறத்தாழ ஒரு மாதத்தில் விதை முற்றிவிடும்.

எங்கே தவறும்? உறை ஒரு நாள் தாமதித்தால் போதும், நுனியில் வெளிவந்த நாலைந்து சூல்முடிகளில் வெளி மகரந்தம் ஏறிவிடும். அப்படிப்பட்ட கதிரின் நுனிப்பகுதியை வெட்டி எறிந்துவிடுவதுதான் பாதுகாப்பு. அடுத்தது சூடு. கோடையில் உறைக்குள் வெப்பம் வெளியைவிட அதிகம், மகரந்தம் செத்து மணி பிடிக்காமல் பதராகும். பதர் நிறைந்த கதிரின் மணிகளில் இரும்பை அளந்தால் எண் பெரிதாகத்தான் வரும். செடி தருகிற சத்தைப் பங்குபோட்டுக்கொள்ள மணிகள் குறைவு என்பதே காரணம், மரபு இல்லை. மணி சரியாகப் பிடிக்காத கதிரை அளவுக்கே அனுப்பக் கூடாது.

இனி அந்த ஐசிடிபி 8203 கதை. அது தூய வரிசை (எல்லாச் செடியும் ஒரே மரபு கொண்ட விதை) இல்லை. கம்பின் இயல்புப்படி உள்ளே வேறுபாடுகள் நிறைந்த ஒரு கூட்டம். அந்தக் கூட்டத்திலிருந்து தனித்தனிச் செடிகளைச் சுயமகரந்தச் சேர்க்கை செய்து, ஒவ்வொன்றின் சந்ததியையும் அளந்து, இரும்பு அதிகமுள்ள சில வரிசைகளை மட்டும் பிரித்து மறுபடி ஒன்றாகக் கலந்தார்கள். அப்படி வந்ததுதான் தனசக்தி. 2012இல் மகாராஷ்டிரத்தில் வெளியிட்டார்கள், பிறகு நாட்டின் மற்றக் கம்பு மாநிலங்களுக்கும் அனுமதி வந்தது. கிலோவுக்கு 71 மில்லிகிராம் இரும்பு, 40 மில்லிகிராம் துத்தநாகம். தாய் ரகத்தைவிட இரும்பு 9 சதவீதமும் தானிய விளைச்சல் 11 சதவீதமும் கூடுதல்.

அந்த 11 சதவீதம்தான் முக்கியம் என்பது எங்கள் கருத்து. இரும்பைக் கண்ணால் பார்க்க முடியாது, நாக்கு சொல்லாது, தரகர் அதற்கு ஒரு ரூபாய் கூடக் கொடுக்க மாட்டார். விளைச்சல் குறைந்த சத்து ரகம் ஆராய்ச்சி நிலையத்தின் வேலியைத் தாண்டுவதில்லை. சத்தை விளைச்சலின் தோளில் ஏற்றித்தான் அனுப்ப வேண்டும்.

வீரிய ஒட்டில் இது இன்னும் கடினம். விளைச்சலைப் பொறுத்தவரை ஒட்டு தன் இரு பெற்றோரையும் மிஞ்சும். இரும்பு அப்படி மிஞ்சாது, இரு பெற்றோரின் சராசரியை ஒட்டியே நிற்கும். தாய் 80, தந்தை 40 என்றால் ஒட்டில் 60 அளவில் வரும். ஆகவே மகரந்தம் தராத ஆண்மலட்டுத் தாய் வரிசை, அதைப் பெருக்கும் வரிசை, ஒட்டில் மகரந்த வளத்தை மீட்கும் தந்தை வரிசை மூன்றிலும் தனித்தனியே இரும்பை ஏற்ற வேண்டும். ஒரு ரகத்துக்கு ஒரு முறை செய்த வேலை இங்கே மூன்று மடங்கு. எச்எச்பி 299, ஏஎச்பி 1200 போன்ற ஒட்டுகள் இரும்பில் 70 பிபிஎம்மை (கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்பதே பிபிஎம்) தாண்டியிருக்கின்றன என்றால் பின்னால் அத்தனை உழைப்பு இருக்கிறது.

2018இல் அகில இந்தியக் கம்பு ஆராய்ச்சித் திட்டம் ஒரு நல்ல காரியம் செய்தது. இனி வெளியிடும் எந்தக் கம்பிலும் இரும்பு 42, துத்தநாகம் 32 பிபிஎம்முக்குக் குறையக் கூடாது என்று வரையறுத்தது. தனி ரகத்தைத் தேடி வாங்கும் விழிப்புணர்வு விவசாயிக்கு வரட்டும் என்று காத்திருக்காமல், எல்லா விதையின் அடிமட்டத்தையும் உயர்த்துகிற வழி இது.

மூன்றாம் நாள்: தூசியோடு ஒரு போராட்டம்

வயலைவிட ஆய்வுக்கூடத்தில்தான் அதிக நேரம் நின்றோம். 71, 42 என்று எழுதுகிறோமே, அந்த எண் எப்படி வருகிறது, எப்படிப் பொய்யாகிறது என்பதெல்லாம் இங்கேதான் இருக்கிறது.

முதலில் ஒரு கணக்கு. செம்மண்ணில் இரும்பு 3 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ மண்ணில் 30,000 மில்லிகிராம். ஒரு கிலோ கம்போடு ஒரே ஒரு கிராம் மண் தூசியாக ஒட்டிக்கொண்டால் 30 மில்லிகிராம் இரும்பு கூடிவிடும். 42 இருக்கிற சாதாரணக் கம்பு 72 காட்டும். தனசக்திக்குச் சமம்! அந்தத் தூசியை நம்பி மூன்று வருடம் கலப்பு செய்தால் மூன்று வருடமும் வீண்.

அதனால் கதிர் செடியில் இருக்கும்போதே கவனம் தொடங்குகிறது. முற்றிய கதிரை அறுத்து நேராகச் சுத்தமான துணிப்பையில் போட வேண்டும். தரையில் குவிக்கக் கூடாது, களத்தில் அடிக்கக் கூடாது. மழை தெறித்து மண்பட்ட கதிரை எடுக்கக் கூடாது. பையோடு காயவைத்து, பைக்குள்ளேயே மரக்கட்டையால் தட்டி மணி பிரிக்கலாம். எந்திரத்தில் பிரித்தால், மணி படும் பாகங்கள் துருப்பிடிக்காத எஃகாகவோ பிளாஸ்டிக்காகவோ இருக்க வேண்டும். ஒரு மாதிரிக்கும் அடுத்ததற்கும் இடையே ஊதிச் சுத்தம் செய்ய வேண்டும். துத்தநாகத்துக்கு வேறு எதிரிகள்: துத்தநாகம் பூசிய தகரத் தட்டு, பித்தளைச் சல்லடை, ரப்பர். ரப்பரைப் பதப்படுத்தும்போது துத்தநாக ஆக்சைடு சேர்க்கிறார்கள். ஆகவே ரப்பர் வளையத்தைக்கூட மணியில் பட விடுவதில்லை.

அளப்பது இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் எக்ஸ்ஆர்எஃப் கருவி. சிறு கிண்ணத்தின் அடியில் மெல்லிய பிளாஸ்டிக் படலத்தை இழுத்துக் கட்டி, சில கிராம் முழு மணியைக் கொட்டி, குலுக்கிச் சமன் செய்து உள்ளே வைக்கிறார்கள். எக்ஸ் கதிர் பட்டதும் ஒவ்வொரு உலோகமும் தனக்கே உரிய ஆற்றலில் ஒளிர்கிறது. இரும்பும் துத்தநாகமும் ஓரிரு நிமிடத்தில் திரையில் வந்துவிடும். மணி உடைவதில்லை, அமிலம் வேண்டாம், அளந்த அதே மணியை விதைக்கலாம். ஆயிரக்கணக்கான மாதிரிகளைச் சலித்தெடுக்க இதை விட்டால் வழியில்லை. படலம் சுருங்கினாலோ, பழைய கிண்ணத்தில் தூசி இருந்தாலோ, மணி படலத்தை முழுதும் மூடாமல் இடைவெளி விழுந்தாலோ எண் தப்பும். தினமும் காலையில் அளவு தெரிந்த ஒரு மாதிரியை வைத்துக் கருவியைச் சரிபார்த்த பிறகே வேலை தொடங்குகிறது.

எக்ஸ்ஆர்எஃப் தேர்ந்தெடுத்தவை மட்டும் ஐசிபி என்ற இரண்டாம் கருவிக்குப் போகும். மணியை இரும்பு கலக்காத அரைவையில் மாவாக்கி, அரை கிராமுக்கும் குறைவாக எடுத்து, நைட்ரிக் அமிலத்தில் சூடாக்கி முழுதும் கரைத்து, கரைசலைப் பிளாஸ்மா சுடரில் தெளிக்கிறார்கள். இதில் ஒரு பெரிய வசதி உண்டு. இரும்போடு அலுமினியத்தையும் அது காட்டிவிடும். மண்ணில் அலுமினியம் ஏராளம், கம்பு மணிக்குள் கிட்டத்தட்ட இல்லை. ஆக, அலுமினியம் உயர்ந்திருந்தால் இரும்பு எண் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த மாதிரியை நிராகரிக்கிறார்கள். திருடனைப் பிடிக்க அவன் காலடித் தடத்தைப் பார்ப்பது போல.

பழைய சத்து அட்டவணைகளில் சில தானியங்களுக்கு மட்டும் வியக்கத்தக்க இரும்பு அளவு போட்டிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் காலடித் தடம்தான் நினைவுக்கு வரும். களத்து மண்ணையும் சேர்த்து அளந்திருக்கக் கூடும். சிறுதானியத்தைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் எண்ணைப் போடுமுன் அது எப்படி அளந்தது என்று ஒரு முறை கேட்டுவிட வேண்டும். உண்மையான 70 போதுமான பெருமை, பொய்யான 150 தேவையில்லை.

இன்னொன்று. ஒரே ரகம் இடத்துக்கு இடம் வேறு எண் காட்டும். மண்ணில் கிடைக்கிற இரும்பு, அமில காரத் தன்மை, மழை எல்லாம் மாற்றும். ஒரே ஊர் முடிவை வைத்து ரகத்தைப் பாராட்டுவதோ ஒதுக்குவதோ கூடாது. பல இடங்களில், எப்போதும் ஒரே ஒப்பீட்டு ரகத்தைப் பக்கத்தில் விதைத்து, வித்தியாசத்தைத்தான் பார்க்க வேண்டும்.

நான்காம் நாள்: குழாய்க்குள் வேர்

தரையில் நீண்ட பள்ளங்கள். அவற்றுக்குள் நிற்கவைத்த பிவிசி குழாய்கள், தோளோடு தோள் உரசும்படி நெருக்கமாக. ஒவ்வொன்றிலும் ஒரு கம்புச் செடி. லைசிமீட்டர் என்கிறார்கள். கடலைக்கு 1.2 மீட்டர் நீளம், 20 சென்டிமீட்டர் விட்டம். வேர் ஆழமாகப் போகும் கம்புக்கும் சோளத்துக்கும் 2 மீட்டர் நீளம், 25 சென்டிமீட்டர் விட்டம்.

தொட்டியில் வைத்து வறட்சியைச் சோதிப்பது பெரிய ஏமாற்று. சின்னத் தொட்டியில் இரண்டே நாளில் நீர் தீர்ந்துவிடும், வயலிலோ வாரக்கணக்கில் மெல்ல வடியும். அதோடு தொட்டிச் செடி நாலா பக்கமும் வெளிச்சம் வாங்கிப் படரும். குழாய்களைப் பள்ளத்துக்குள் நெருக்கி வைப்பதன் நோக்கம், செடி வயலில் நிற்பதாகவே உணர வேண்டும் என்பதுதான். ஓர வரிசைச் செடிகளின் கணக்கைச் சேர்ப்பதில்லை.

மண் நிரப்புவதில் பாதி வெற்றி. சலித்த மண்ணை எடைபோட்டு, அடுக்கடுக்காக, எல்லாக் குழாயிலும் ஒரே இறுக்கம் வரும்படி நிரப்ப வேண்டும். ஒன்று தளர்வாகவும் ஒன்று இறுக்கமாகவும் இருந்தால் நீங்கள் அளப்பது மண்ணின் வேறுபாட்டைத்தான், ரகத்தின் வேறுபாட்டை இல்லை. மேலே சில சென்டிமீட்டர் நீர் ஊற்ற இடம். இரண்டு மூன்று விதை போட்டு, முளைத்ததும் ஒன்றை மட்டும் நிறுத்துகிறார்கள். சுமார் நான்கு வாரம் வரை நீர். பிறகு நிறைய நனைத்து, வடியவிட்டு, மண்பரப்பை பிளாஸ்டிக் தாளால் மூடி, அதன்மேல் இரண்டு சென்டிமீட்டர் பிளாஸ்டிக் மணிகளைப் பரப்பிவிடுவார்கள். மண்ணிலிருந்து ஆவியாவது ஏறக்குறைய நின்றுவிடும். இனி எடை குறைந்தால் அது இலை வழியே போன நீர் மட்டுமே.

வாரம் ஒரு முறை எடை. நூறு கிலோவுக்கு மேல் கனக்கும் குழாயை உருளைச் சங்கிலியால் தூக்கி, எடைச் செல்லில் தொங்கவிட்டுப் படிக்கிறார்கள். குழாய் ஆடிக்கொண்டிருக்கும்போது எண் நிற்காது, அமைதியாகும்வரை பொறுக்க வேண்டும். இப்படி மண்ணை மூடியது முதல் அறுவடை வரை ஒவ்வொரு செடியும் எந்த வாரம் எத்தனை லிட்டர் குடித்தது என்ற வரவுசெலவு கையில் வந்துவிடும்.

அந்தக் கணக்கு சொன்ன பாடம் பலரும் எதிர்பாராதது. ஆழ வேர்விட்டு நிறைய நீர் உறிஞ்சுகிற செடிதான் வறட்சியில் வெல்லும் என்று நினைக்கத் தோன்றும். கடைசிக்கால வறட்சியில், அதாவது பூத்த பிறகு மழை நின்றுபோகும் நிலத்தில், மொத்தமாகக் குடித்த நீர் ரகத்துக்கு ரகம் பெரிதாக மாறுவதில்லை. எப்போது குடித்தது என்பதுதான் விளைச்சலைப் பிரிக்கிறது. பூக்குமுன் சிக்கனமாக இருந்து, மணி நிரம்பும் வாரங்களுக்கு மண்ணில் மிச்சம் வைத்த செடி தேறுகிறது.

சிக்கனம் எப்படி? காற்று மிகவும் உலர்ந்திருக்கும் நண்பகலில் சில வரிசைகள் இலைத்துளைகளை ஓரளவு மூடிக்கொள்கின்றன. அந்த நேரத்தில் ஒரு கிராம் மாவுச்சத்து சேர்க்க மிக அதிக நீர் செலவாகும், அந்தச் செலவைத் தவிர்த்து, காற்று குளிர்ந்திருக்கும் காலையில் வேலை செய்கின்றன. கம்பில் பிஆர்எல்டி 2/89-33 என்ற வறட்சி தாங்கும் வரிசையையும் எச்77/833-2 என்ற வரிசையையும் கலந்து ஆராய்ந்தபோது, இரண்டாம் இணைப்புத் தொகுதியில் (ஒரு குரோமோசோமுக்கு ஒப்பானது) கடைசிக்கால வறட்சியைத் தாங்குவதோடு தொடர்புள்ள ஒரு மரபிடம், அதாவது ஒரு டிஎன்ஏ பகுதி, தெரியவந்தது.

அந்த எச்77/833-2 சாதாரண வரிசை இல்லை. 1990இல் அரியானாவில் வந்த எச்எச்பி 67 என்ற ஒட்டின் தந்தை. அந்த ஒட்டு 65 நாளுக்குள் அறுவடைக்கு வந்துவிடுவதால் ராஜஸ்தான், அரியானாவின் வறண்ட மணற்பூமிகளில் பெரிதும் பரவியது. அடிச்சாம்பல் நோய்க்கு அது பலியாகும் ஆபத்து தெரிந்ததும், தாய் தந்தை இரண்டுக்கும் எதிர்ப்பு மரபிடங்களைச் சேர்த்து, 2005இல் மேம்படுத்திய எச்எச்பி 67 வெளியானது. 1965இல் வந்த எச்பி 1 முதலான ஒட்டுகள் எழுபதுகளில் இதே நோயால் விழுந்தது நினைவில் இருந்ததால் முந்திக்கொண்டார்கள்.

லீசிஸ்கேன் மேடையையும் பார்த்தோம். தண்டவாளம் போன்ற சட்டத்தில் லேசர் ஸ்கேனர் செடிகளின் மேல் திரும்பத் திரும்ப ஓடி இலைப்பரப்பை அளக்கிறது. தட்டுகளின் அடியில் எடைச் செல். இலைப்பரப்பும் நீர்ச்செலவும் ஒரே நேரத்தில் கிடைப்பதால், நண்பகலில் துளை மூடும் வரிசை எது என்பது சில வாரத்தில் பிடிபடும். காற்றடித்து இலை ஆடினால் பரப்பு தவறாக விழும் என்பதால் அமைதியான இரவு நேரப் பதிவுகளை அதிகம் நம்பலாம்.

ஐந்தாம் நாள்: ராஜேந்திரநகர்

வெளிவட்டச் சாலையைப் பிடித்து நகரத்தின் தெற்கே வந்தால் இந்திய நெல் ஆராய்ச்சி நிறுவனம். 1965இல் அகில இந்திய நெல் திட்டமாகத் தொடங்கியது.

நெல்லில் வேலை தலைகீழ். பூ திறப்பதற்குள் தன்னையே கருவுறச் செய்துகொள்ளும் பயிர் இது. கலப்பு செய்ய, பாதி வெளிவந்த கதிரை மாலையில் தேர்ந்தெடுத்து, ஏற்கெனவே பூத்த நுனி மலர்களையும் இளசான அடி மலர்களையும் நறுக்கி நீக்க வேண்டும். மிஞ்சியவற்றின் மேல் மூன்றில் ஒரு பங்கைக் கத்தரித்து, ஒவ்வொன்றிலும் உள்ள ஆறு மகரந்தப்பைகளையும் இடுக்கியாலோ மெல்லிய உறிஞ்சியாலோ எடுத்து, உறையிட வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் அந்த விதை கலப்பு இல்லை. மறுநாள் காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை தந்தைக் கதிர் மலர்ந்து மகரந்தம் உதிர்க்கும்போது மேலே உலுக்கி, மீண்டும் மூடி, 25 முதல் 30 நாள் காத்திருக்க வேண்டும். கத்தரித்த உமிக்குள் வளர்வதால் விதை நுனி திறந்து அரைகுறையாகத்தான் இருக்கும், முளைக்கவைக்கும்போது பூஞ்சணத்திலிருந்து காப்பாற்ற வேண்டும்.

தஞ்சைப் பக்கத்தில் வெள்ளம் தாங்கும் நெல் என்று விதைக்கிற சிஆர் 1009 சப் 1 இப்படித்தான் பிறந்தது. ஒடிசாவின் எஃப்ஆர் 13ஏ என்ற பழைய ரகம் இரண்டு வாரம் நீருக்குள் மூழ்கிக் கிடந்தாலும் பிழைக்கும். ஆனால் உயரம் அதிகம், சாயும், அரிசியும் விளைச்சலும் சுமார். அதன் ஒன்பதாம் குரோமோசோமில் உள்ள ஒரு சிறு துண்டுதான் பிழைக்கவைக்கிறது என்று 1996இல் தெரிந்தது. சப்1ஏ என்ற மரபணு 2006இல் பிரித்தறியப்பட்டது. மூழ்கிய சாதாரண நெல் மூச்சுக்காகத் தண்டை நீட்டி நீட்டிச் சேமிப்பை எல்லாம் கரைத்து, நீர் வடிந்ததும் துவண்டு அழுகும். சப்1ஏ அந்த நீட்சியைத் தடுத்து, சர்க்கரையைப் பிடித்துவைத்து, செடியை அசையாமல் இருக்கச் செய்கிறது.

அந்தத் துண்டை மட்டும் கொண்டுவரப் பின்கலப்பு செய்கிறார்கள். சிஆர் 1009க்கே திரும்பத் திரும்பக் கலந்தால் அதன் மரபு முதல் முறை சராசரியாக 75, அடுத்து 87.5, மூன்றாவதில் 93.75 சதவீதம் என்று திரும்பும். ஒவ்வொரு தலைமுறையிலும் நாற்றின் இலைத்துண்டில் டிஎன்ஏ எடுத்து மூன்று கேள்வி: சப்1 இருக்கிறதா, அதன் இரு ஓரத்திலும் எஃப்ஆர் 13ஏயின் தேவையில்லாத பகுதி வெட்டுப்பட்டதா, மற்ற குரோமோசோம்களில் சிஆர் 1009 எவ்வளவு திரும்பிவிட்டது. இரண்டாம் கேள்வியைச் சோம்பலில் விட்டால் சாயும் குணமும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். சுவர்ணா சப் 1 2009இலும் சிஆர் 1009 சப் 1 2015இலும் வெளியாயின.

டெல்டாவில் விதைப்பவர்களுக்கு மூன்று எச்சரிக்கை. இது முழுதாக மூழ்கி 10 முதல் 14 நாளில் வடியும் வெள்ளத்துக்கான ரகம். முழங்கால் ஆழ நீர் வாரக்கணக்கில் தேங்கி நிற்கும் வயலுக்கு இல்லை. நேரடி விதைப்பில் முளைக்குமுன் மழை மூழ்கடித்தால் சப்1 உதவாது, அதற்கு வேறு மரபணு வேண்டும். வடிந்த மறுநாளே யூரியா வீசக் கூடாது. புது இலை வர ஐந்தாறு நாள் கொடுத்துப் பிறகு இட வேண்டும். கலங்கிய, சூடான நீரில் பிழைப்பு குறையும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

சப்1ஐ விளக்க மேடை தேவைப்படவில்லை. வெள்ளம் வடிந்த பிறகு பக்கத்து வயல் அழுகிக் கிடக்க, இது துளிர்த்து நிற்பதை எல்லோரும் வரப்பிலிருந்தே பார்த்தார்கள். துத்தநாகத்துக்கு அந்த வரப்புச் சாட்சி கிடையாது. இங்கே 2016இல் வெளியான 'டிஆர்ஆர் தான் 45' என்ற நெல் ரகம், தீட்டிய அரிசியில் 22.6 பிபிஎம் துத்தநாகம் கொண்டது. சாதாரண அரிசியில் 12 முதல் 16. நெல்லில் இரும்பை விட்டுத் துத்தநாகத்தைப் பிடித்ததற்குக் காரணம் உண்டு. அரிசியின் இரும்பு பெரும்பாலும் தவிட்டுப் படலத்தில் இருக்கிறது, ஆலையில் தீட்டும்போது போய்விடும். துத்தநாகம் உள்மணிவரை பரவியிருப்பதால் கணிசமாகத் தங்கும். அளக்கும்போது எல்லா மாதிரியையும் ஒரே அளவுக்குத் தீட்ட வேண்டும். குறைவாகத் தீட்டிய அரிசி எப்போதும் ஜெயித்துவிடும்.

மண்ணிலேயே துத்தநாகம் இல்லையென்றால் எந்த ரகமும் எங்கிருந்து எடுக்கும்? ஹெக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட் அடியுரமாக இட்டு, பூத்தபின் பால்பிடிக்கும் தருணத்தில் 0.5 சதவீதக் கரைசலை மாலையில் இலைமேல் தெளித்தால் மணியில் ஏறும். அடியுரத்தை டிஏபியோடு கலந்து இடக் கூடாது. பாஸ்பேட் அதைப் பிடித்துக்கொள்ளும்.

ஆறாம் நாள்: மாவு

அதே ராஜேந்திரநகரில் இந்தியச் சிறுதானிய ஆராய்ச்சி நிறுவனம். அரை நாள் போதும்.

வயலில் ஏற்றிய இரும்பு வாயை எட்டுமுன் இரண்டு இடத்தில் தொலைகிறது. கம்பு மாவு அரைத்த ஒரு வாரத்தில் கசந்துவிடும். கம்பின் முளைக்கரு பெரிது, கொழுப்பு 5 சதவீதத்துக்கு மேல். அரைத்ததும் லைபேஸ் என்ற நொதி அதைச் சிதைக்கிறது. முழு மணியை 98 டிகிரி வெந்நீரில் பத்து நொடி முக்கி எடுத்து, உடனே காயவைத்து அரைத்தால் நொதி அடங்கி மாவு பல வாரம் தாங்கும். பத்து நொடி பத்து நிமிடமானால் மணி வெந்து களியாகும், அரைவையில் ஒட்டும்.

இரண்டாவது, மணியிலேயே இருக்கும் ஃபைட்டேட் என்ற சேர்மம். இரும்பைக் கட்டிப்போட்டுக் குடல் உறிஞ்சாமல் தடுக்கிறது. மாவைக் கரைத்து இரவு புளிக்கவைத்துக் கூழ் காய்ச்சும் நம் வழக்கம் அதன் ஒரு பகுதியை உடைக்கிறது. கூழோடு கடித்துக்கொள்ளும் மாங்காயின் வைட்டமின் சி இரும்பு ஏற உதவும். கூழுக்குப் பின்னாலேயே தேநீர் குடித்தால் அந்த உதவி வீணாகும். உமித்தவிட்டை வெள்ளையாகும்வரை குத்தி எடுப்பதும் இரும்பைத் தவிட்டோடு அனுப்பும் வேலை.

இத்தனை தடைக்குப் பிறகும் பலன் இருக்கிறதா? மகாராஷ்டிரத்தில் 12 முதல் 16 வயதுப் பள்ளி மாணவர்களுக்கு ஆறு மாதம் இரும்புக் கம்பு ரொட்டி கொடுத்த ஆய்வு 2015இல் வெளியானது. தொடக்கத்தில் இரும்புக் குறைபாடு இருந்த பிள்ளைகள் அதிலிருந்து மீளும் வாய்ப்பு, சாதாரணக் கம்பு சாப்பிட்டவர்களைவிட 1.6 மடங்கு. மாத்திரை இல்லை, தினம் தின்கிற ரொட்டிதான்.

தனசக்தி ஒட்டு இல்லை என்பதால் விவசாயி தன் விதையைத் தானே வைத்துக்கொள்ளலாம். முறை இது: ஹெக்டேருக்கு 5 கிலோ விதை, வரிசைக்கு வரிசை 45, செடிக்குச் செடி 15 சென்டிமீட்டர். 200 மீட்டருக்குள் வேறு கம்பு இருக்கக் கூடாது. இடம் இல்லையென்றால் பூக்கும் நாள் விலகும்படி மூன்று வாரம் முன்போ பின்போ விதைக்கலாம். பூக்குமுன் வேற்றுச் செடியையும் பச்சைக்கதிர் நோய் கண்டதையும் பிடுங்க வேண்டும். வரப்போரத்தை விட்டு நடுவயலில், நல்ல கதிராகப் பார்த்து நூற்றுக்கணக்கில் எடுக்க வேண்டும். பத்துப் பெரிய கதிரை மட்டும் எடுத்தால் இரண்டு மூன்று பருவத்தில் பயிர் நலியும். இப்படிச் செய்தாலும் மூன்று நான்கு பருவத்துக்கு ஒரு முறை புது விதை வாங்கிவிடுவது நல்லது. மகரந்தம் 200 மீட்டரில் நின்றுவிடுவதில்லை, கலந்துபோன இரும்பைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது.